அம்மாவின் பயாப்சி அறிக்கையில் ‘கார்சினோமா, கிரேடு 2’ என்று வந்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இளம்பரிதி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. குளிக்கும்போது இடது மார்பில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று போன மாதம் சொன்னார். வலி இல்லை. மேமோகிராம் எடுத்தார்கள், அல்ட்ராசவுண்டு பார்த்தார்கள், அப்புறம் தடித்த ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நேற்று அறிக்கை வந்தது. அதில் உள்ளதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

“இன்வேசிவ் கார்சினோமா, நோ ஸ்பெஷல் டைப். நாட்டிங்ஹாம் கிரேடு 2 (3+2+1=6). உடன் டக்டல் கார்சினோமா இன் சிட்டு பகுதியும் காணப்படுகிறது. ஈஆர் 90 சதவீதம், பிஆர் 40 சதவீதம், ஹெர்2 2+, கேஐ67 18 சதவீதம்.”

ஸ்கேனில் கட்டியின் அளவு 1.8 செ.மீ. என்று போட்டிருக்கிறது. அக்குளில் சந்தேகப்படும்படி நெறி (நிணநீர்க் கணு) எதுவும் இல்லை என்றும் இருக்கிறது.

கிரேடு 2 என்பதைப் பார்த்ததும் அப்பா இரண்டாவது ஸ்டேஜ் என்று முடிவு கட்டிவிட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். ஹெர்2வுக்கு இன்னொரு பரிசோதனை வேண்டும், வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்கிறார் மருத்துவர். அத்தனை நாள் காத்திருக்கலாமா? ஊசி குத்தியதால் கட்டி கலைந்து பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். முழு மார்பையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று அம்மாவே சொல்கிறார். இதில் எது சரி? அந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லெண்ணம் எழுதியது:

தம்பி, மனசைத் தளரவிடாதீர்கள். ஆனால் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கட்டி என்று தெரிந்த பிறகு எதற்கு இன்னொரு பரிசோதனை? நாளைக்கே சேர்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், புற்றுநோய்க்குத் தீனியே அதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

இளம்பரிதி தம்பி, நான் ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்சியில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற அறிக்கையை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. நோயாளியை நேரில் பார்க்கிற மருத்துவரின் சொல்லே முடிவானது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிவதற்காக இதை வாசியுங்கள்.

முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்: கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது செல்களின் குணம். ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. மார்புக் கட்டியில் கிரேடு போடும்போது மூன்று விஷயங்களைப் பார்ப்போம். செல்கள் இன்னும் குழாய் வடிவம் கட்டுகின்றனவா, அவற்றின் உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. அம்மாவின் 3+2+1ஐப் பாருங்கள். குழாய் கட்டுவதை ஏறக்குறைய மறந்துவிட்ட செல்கள், அதனால் 3. உட்கரு நடுத்தரமாக மாறியிருக்கிறது, அதனால் 2. கடைசியில் உள்ள 1 தான் எனக்குப் பிடித்த எண். பிளந்துகொண்டிருக்கும் செல்கள் குறைவு என்று அது சொல்கிறது. இதே கிரேடு 2க்குள் 2+2+3 என்றும் வரலாம், அதன் சுபாவம் வேறாக இருக்கும். அதனால்தான் கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் மூன்றையும் பிரித்து எழுதுகிற அறிக்கையை நான் மதிக்கிறேன்.

ஸ்டேஜுக்கு வேறு அளவுகோல். கட்டியின் அளவு, நெறிகளில் பரவல், தொலைவில் பரவல் என்ற மூன்றையும் வைத்து டிஎன்எம் முறையில் சொல்வார்கள். பிரான்சின் பியர் தெனுவா 1940களில் தொடங்கிவைத்த முறை அது. மார்பில் 2 செ.மீ. வரை டி1. அம்மாவுக்கு 1.8 செ.மீ., நெறியில் சந்தேகம் இல்லை. ஸ்கேனை வைத்துப் பார்த்தால் இது முதல் ஸ்டேஜ் பக்கம்தான் நிற்கிறது. அறுவை முடிந்து, கட்டியையும் நெறியையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அது உறுதியாகும். ஆனாலும் அப்பா இன்றைக்குத் தூங்கலாம்.

அடுத்து கார்சினோமா. புற்றுநோய் என்பது பெரிய குடும்பம். உடம்பின் வெளிப்பரப்பையும் உறுப்புகளின் உட்பரப்பையும் போர்த்தியிருக்கும் செல்கள், சுரப்பிகளை ஆக்கும் செல்கள், இவற்றுக்கு எபிதீலியம் என்று பெயர். அதில் பிறப்பதுதான் கார்சினோமா. தசை, எலும்பு, கொழுப்பு போன்றவற்றில் பிறந்தால் சார்கோமா. ரத்த செல்களில் வருவது லுக்கீமியா, நிணநீர் செல்களில் வருவது லிம்போமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் கார்சினோமாதான். காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் புகை, வெயில், வைரஸ், மது எல்லாம் முதலில் படுவது இந்தச் செல்களின் மேல். தேய்ந்து உதிர்ந்து புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பவையும் இவைதான். செல் பிளக்கும் ஒவ்வொரு முறையும் மரபணுவை நகல் எடுக்க வேண்டும், ஒவ்வொரு நகலிலும் பிழைக்கு இடம் உண்டு.

வாய், உணவுக்குழாய், கருப்பைவாய் ஆகிய இடங்களில் தட்டைச் செல்கள் இருப்பதால் அங்கே வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. சுரப்பித் தன்மை உள்ள குடல், இரைப்பை, புரோஸ்டேட் போன்றவற்றில் அடினோகார்சினோமா. நுரையீரலில் இரண்டும் வரும். மார்பில் வருவதும் சுரப்பி வகைதான். பால்நாளத்தையும் பால் சுரக்கும் நுண்மடல்களையும் ஒட்டிய செல்களில் தொடங்குகிறது. ‘நோ ஸ்பெஷல் டைப்’ என்றால் பயப்பட எதுவும் இல்லை. தனிப் பெயர் பெற்ற அரிய வகைகளில் சேராத, பொதுவாகக் காணப்படும் வகை என்று பொருள். பழைய அறிக்கைகளில் இதையே டக்டல் என்று எழுதுவோம்.

இப்போது ‘இன்வேசிவ்’, ‘இன் சிட்டு’ என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். என் பார்வையில் முழு அறிக்கையிலும் இதைவிட முக்கியமானது இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நலமான பால்நாளத்தைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு அடுக்குச் செல்கள் தெரியும். உள் அடுக்கு குழாயை ஒட்டியது. வெளி அடுக்கு மயோஎபிதீலியல் செல்கள், பாலைப் பிழிந்து தள்ளுபவை. அதற்கும் வெளியே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம். உள் அடுக்குச் செல்கள் கட்டுமீறிப் பெருகி, குழாயையே அடைத்தாலும், வெளி அடுக்கும் சவ்வும் முழுசாக இருக்கும்வரை அது இன் சிட்டு. அந்தப் படலத்துக்குள் ரத்தக்குழாயோ நிணநீர்க்குழாயோ கிடையாது. அதனால் அது வேறு இடத்துக்குப் போக வழியில்லை. படலத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் இன்வேசிவ்.

சந்தேகமான இடங்களில் பி63 என்ற சாயப் பரிசோதனை வைப்போம். வெளி அடுக்கின் உட்கருக்கள் மட்டும் பழுப்பு நிறமாகத் தெரியும். இன் சிட்டு பகுதியில் அந்தப் பழுப்புப் புள்ளிகள் தோட்டத்தைச் சுற்றிய வேலிக்கால்கள் மாதிரி வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே இன்வேசிவ் செல்கூட்டத்தைச் சுற்றி ஒரு புள்ளிகூட இராது. ஒரே ஸ்லைடில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, நோய் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டியது என்பது கண்ணெதிரே தெரியும். அம்மாவின் அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. இன்வேசிவ் இருப்பதால் சிகிச்சை அதை வைத்துத்தான் முடிவாகும்.

ஈஆர் 90, பிஆர் 40 என்பது நல்ல செய்தி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் வந்து ஒட்டும் ஏற்பிகள் அந்தச் செல்களில் உள்ளன என்று அர்த்தம். நூறு செல்லில் ஒன்றில் இருந்தாலே ஈஆர் பாசிட்டிவ் என்று எழுதுவோம். அம்மாவுக்கு 90. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இவருக்கு நன்றாகக் கேட்கும் என்று எதிர்பார்க்கலாம். கேஐ67 என்பது பெருகும் நிலையில் உள்ள செல்களின் சதவீதம். 18 நடுத்தரம். இந்த எண் ஒரு ஆய்வகத்துக்கும் இன்னொரு ஆய்வகத்துக்கும் கொஞ்சம் மாறும், அதை மட்டும் வைத்துக் கவலையோ நிம்மதியோ கொள்ள வேண்டாம்.

ஹெர்2தான் பாக்கி. செல்லைப் பெருகத் தூண்டும் ஒரு புரதம் அது, செல்லின் மேல் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் அந்த மதிப்பெண். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டுக்கும் நடுவில், முடிவு சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஃபிஷ் என்ற பரிசோதனை. உட்கருவுக்குள் ஹெர்2 மரபணு அளவுக்கு மீறி நகல் எடுத்திருக்கிறதா என்று ஒளிரும் புள்ளிகளாக எண்ணிப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து சேரும். 1998இல் அந்த மருந்து புழக்கத்துக்கு வந்ததிலிருந்து ஹெர்2 பாசிட்டிவ் நோயாளிகளின் கதையே மாறிவிட்டது. சிலருக்கு அந்த மருந்தையும் கீமோவையும் அறுவைக்கு முன்பே கொடுப்பதுண்டு. ஆகவே, ஃபிஷ் முடிவு தெரியாமல் கத்தியை எடுத்தால் வரிசையே தப்பிப்போகலாம்.

நல்லெண்ணம் அவர்களே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் ‘நாளைக்கே எடுத்துவிடுங்கள்’ என்பதை நான் ஒப்பமாட்டேன். 1.8 செ.மீ. கட்டி போன வாரம் முளைத்ததில்லை. பெரும்பாலும் சில ஆண்டுகளாக உள்ளே இருந்திருக்கும். பரிசோதனையை முடிக்க ஆகும் ஒரு வாரமோ பத்து நாளோ சிகிச்சையின் பகுதிதான். மாதக்கணக்கில் இழுத்தடிப்பது ஆபத்து, அதை ஒருநாளும் செய்யக்கூடாது. ஆனால் பாதி அறிக்கையை வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவதும் அம்மாவுக்கு நல்லதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. கல்லீரல், விதைப்பை மாதிரி சில இடங்களில் ஊசி போடுமுன் மருத்துவர்கள் யோசிப்பார்கள், உண்மைதான். மார்பில் ஊசி பயாப்சிதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. பயாப்சி இல்லாமல் அறுவைக்குப் போனவர்களில், அது என்ன கட்டி என்றே தெரியாமல் ஓரத்தில் கட்டியை விட்டுவைத்து வெட்டப்பட்டு, இரண்டாம் முறை மேசைக்குப் போனவர்களின் திசுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாவிடம் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, உருகிய மெழுகில் புதைத்து ஒரு சின்னக் கட்டியாக வார்த்திருப்பார்கள். எங்கள் மொழியில் பிளாக். அதை மைக்ரோடோம் என்ற கருவியில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. சீவல் நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரிந்து சமமாகும், ஸ்லைடை நீருக்குள் சாய்த்து அள்ளி எடுப்போம். சாயம் ஏற்றினால் உட்கரு நீல ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். இத்தனையும் முடிந்த பிறகும் பிளாக்கில் திசு மிச்சம் இருக்கும். அறை வெப்பத்தில் பல ஆண்டுகள் கெடாது. ஃபிஷ் செய்வதும் அதிலிருந்துதான். வேறொரு நிபுணரிடம் இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் அம்மாவை மறுபடி குத்த வேண்டியதில்லை, பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். பிளாக் எண் அறிக்கையின் மேல்பகுதியில் இருக்கும், குறித்து வையுங்கள்.

இளம்பரிதி எழுதியது:

டாக்டரம்மா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 3+2+1 என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு கேள்வி. அம்மா புகைத்ததில்லை, மது தொட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் கிடையாது. பிறகு ஏன் வந்தது? நான் என்ன தப்பு செய்தேன் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் அக்காவுக்கு 34 வயது, அவள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? சர்க்கரையைப் பற்றியும் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட அவருடைய மருத்துவரைச் சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

சில கார்சினோமாக்களுக்குக் காரணம் பளிச்சென்று தெரியும். 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரி காரணம் என்று எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதலில் காட்டியது அதுதான். 1915இல் ஜப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் தார் தடவித் தடவிக் கார்சினோமாவை வரவழைத்துக் காட்டினார்கள். நுரையீரலுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவை 1950இல் டால், ஹில் இருவரும் கணக்கோடு காட்டினார்கள். கருப்பைவாய்க் கார்சினோமாவுக்கு ஹெச்பிவி வைரஸ். அதைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றில் பத்தில் ஏழுக்குக் காரணம், இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் போட்டுவிடுங்கள். தடுக்கக்கூடிய ஒரு நோயை ஸ்லைடில் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை, அதனால் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ சொல்கிறேன். கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், இரைப்பைக்கு ஹெலிகோபேக்டர் பாக்டீரியா.

மார்பில் அப்படி ஒரே குற்றவாளி கிடையாது. வயது ஏறுவது முதல் காரணம். ஈஸ்ட்ரோஜன் உடம்பில் எத்தனை ஆண்டு ஓடியது என்பதும் கணக்கில் வரும். சீக்கிரம் வயதுக்கு வருவது, தாமதமாக மாதவிடாய் நிற்பது, குழந்தை இல்லாமை அல்லது 30க்குப் பிறகு முதல் குழந்தை, மாதவிடாய் நின்ற பிறகு கூடும் உடல் எடை, மது, சில ஹார்மோன் மாத்திரைகள். இவை ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவே. இவை எதுவுமே இல்லாத பெண்களுக்கும் வரும். மார்புப் புற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது.

பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுப் பிழைகள் அதில் முக்கியம். இள வயதில் வந்தவர்கள், ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவான டிரிபிள் நெகட்டிவ் வகை, குடும்பத்தில் சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்புப் புற்று, இப்படி ஏதாவது இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒன்று கவனியுங்கள். அம்மாவின் குடும்பத்தைக் கேட்கும்போது தாத்தா வழியை விட்டுவிடுவார்கள். அந்தப் பிழை ஆண்கள் வழியாகவும் இறங்கும். அம்மாவுடைய அப்பாவின் சகோதரிகள், அவர்களின் மகள்கள் வரை விசாரியுங்கள். பரிசோதனை தேவை என்று மரபியல் ஆலோசகர் சொன்னால் முதலில் செய்யவேண்டியது அம்மாவுக்கு. அம்மாவிடம் பிழை இருந்தால்தான் அக்காவிடம் அதைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. தாய்க்கு வந்திருப்பதால் அக்காவுக்கு வாய்ப்பு சராசரியைவிடச் சுமார் இரண்டு மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வராமலே போகிற வாய்ப்புதான் இப்போதும் அதிகம். எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது என்று மட்டும் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

சர்க்கரையைப் பற்றி: புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும் என்பது உண்மை, பெட் ஸ்கேன் வேலைசெய்வதே அதை வைத்துத்தான். ஆனால் இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடம்பு வேறு உணவிலிருந்து குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் அளவை நிறுத்திக்கொள்ளும். சிகிச்சைக் காலத்தில் பயந்து பயந்து சாப்பிடாமல் எடை குறைவதுதான் நான் அஞ்சுவது. பெட் ஸ்கேனைப் பற்றி இன்னொன்று: இவ்வளவு தொடக்கத்தில், அறிகுறி எதுவும் இல்லாதபோது, அது வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எடுக்கச் சொன்னால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

செண்பகப்பூ எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா வயதுதான் எனக்கும். இதே மாதிரி கட்டி, இதே ஈஆர் பாசிட்டிவ். சிகிச்சையெல்லாம் முடிந்து மாத்திரையில் இருக்கிறேன். முழு மார்பையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று அம்மா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். என் அறுவை மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். அமெரிக்காவில் ஃபிஷர், இத்தாலியில் வெரோனேசி நடத்திய ஆய்வுகளில் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவு வெளியிட்டார்களாம். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், முழுசாக எடுத்தவர்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர்வாழ்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தேன். முழுசாக எடுக்கிறேன் என்று அம்மா யோசித்து முடிவெடுத்தால் அதுவும் அவர் உரிமை. ஆனால் பயத்தில் எடுக்க வேண்டாம்.

கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அலறிவிட்டேன். அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அந்த முதல் நெறியில் நோய் இல்லையென்றால் மீதி நெறிகளை எடுக்கமாட்டார்கள். அதனால் கை வீங்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தோளை அசைக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பார்கள், சோம்பல் படாமல் செய்ய வேண்டும்.

கதிர்வீச்சு வலிக்காது. தோலில் மையால் குறி போடுவார்கள், அதைத் தேய்த்துக் குளிக்கக்கூடாது. கடைசி நாட்களில் தோல் சிவந்து எரிந்தது, அப்புறம் அசதி. அது முடிந்த பிறகும் சில வாரம் இருந்தது. வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. குழந்தைகளைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். பேரப்பிள்ளைகள் இருந்தால் அம்மா முதலில் அதைத்தான் கேட்பார்.

மாத்திரை லெட்ரோசோல். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த வகை தருவார்கள், ஐந்து ஆண்டாவது சாப்பிட வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, கதவுக் குமிழைத் திருப்பக்கூட மற்றக் கை வேண்டும். நடக்க நடக்கச் சரியாகும். எலும்பு மெலியும் என்பதால் அடர்த்தி ஸ்கேன் எடுத்துக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். மூட்டு வலி தாங்காமல் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யவிடாதீர்கள். வலியைச் சொன்னால் அதே வகையில் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள், எனக்கு மாற்றியபின் பாதி குறைந்தது.

இளம்பரிதி எழுதியது:

அக்கா, நீலச் சாயத்தைச் சொன்னதற்கு நன்றி. அம்மா உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தார். ஃபிஷ் முடிவு வந்துவிட்டது, ஹெர்2 நெகட்டிவ். கட்டியை மட்டும் எடுப்பது, முதல் நெறியைப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. தேதியும் கொடுத்துவிட்டார்கள். கீமோ வேண்டுமா என்பதை அறுவைக்குப் பிறகு சொல்வார்களாம். டாக்டரம்மா, அடுத்து வரும் அறிக்கையில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

நுண்ணோக்கி எழுதியது:

நல்லது தம்பி. அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: எடுத்த திசுவின் திசைகளை நூல் தைத்துக் குறித்து அனுப்புவீர்களா என்று. மேல் பக்கம் எது, உட்பக்கம் எது என்று எங்களுக்குத் தெரிந்தால்தான், ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருந்தாலும் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்ல முடியும். திசு வந்ததும் வெளிப்பரப்பு முழுக்க மை பூசிவிட்டுத்தான் வெட்டுவோம்.

அறிக்கையில் முதலில் அந்த ஓரத்தைப் பாருங்கள். இன்வேசிவ் கட்டி மையைத் தொடாமல் இருந்தால் ஓரம் சுத்தம். இன் சிட்டு பகுதி மையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள், அம்மாவுக்கு இரண்டும் இருப்பதால் இரண்டையும் கேளுங்கள். பிறகு கட்டியின் அளவு, ஸ்கேனில் சொன்னதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ வரலாம். நெறிகள் 0/2 என்கிற மாதிரி இருக்கும்: மேலே உள்ளது நோயுள்ளவை, கீழே உள்ளது எடுத்தவை. நிணநீர்க்குழாய்க்குள் செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்ற வரியும் இருக்க வேண்டும்.

கீமோ விஷயத்தில், நெறி சுத்தம், ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்றால் 21 மரபணுக்களைப் பார்த்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடும் ஒரு பரிசோதனை உண்டு. 2018இல் வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின்படி, 50 வயது தாண்டியவர்களுக்கு அந்த மதிப்பெண் 25 வரை இருந்தால், ஹார்மோன் மாத்திரையோடு கீமோ சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை. இந்தப் பரிசோதனை அம்மாவுக்குப் பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அதையும் அந்த மெழுகு பிளாக்கிலிருந்துதான் செய்வார்கள்.

அறிக்கை வந்ததும் பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நுண்ணோக்கி விவரம் எழுதிய பத்தியை மட்டும் இங்கே போடுங்கள். வாசித்துச் சொல்கிறேன்.